வாசலில் கழற்றிய சப்பாத்து

பாம்பு, பேய், இருட்டில் தனியாக நடப்பது, இதற்கெல்லாம் நான் பயந்தவள் இல்லை. ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கும். என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சமைப்பேன், சத்தம் போடுவேன், கணக்கில் கெட்டிக்காரி, ரயிலில் தூங்கிவிடுவேன். இதைச் சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்?

பத்தொன்பது வயதில் கிள்ளானில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். அதற்கு இன்டர்வியூ என்று ஒன்றும் நடக்கவில்லை. கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார்கள், கண்ணைச் சோதித்தார்கள், நாளைக்கு வா என்றார்கள். அந்த நாளை அப்படியே நீண்டு என் தலைமயிர் பாதி நரைக்கும்வரை போனது. கடைசியில் நான் லைன் லீடராக இருந்தபோது கம்பெனி மெஷின்களை எல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வியட்நாமுக்குப் போய்விட்டது. எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கேக் வெட்டிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே பல பேர் அழுதோம்.

அதே வருஷம் என் வீட்டுக்காரரின் வலது கண்ணைச் சர்க்கரை வியாதி பறித்தது. துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு இனி கன்டெய்னர் லோரி ஓட்ட முடியாது என்றார்கள். மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். வீட்டுக்குள் ஒரு சம்பளம் வந்தாக வேண்டும், அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பிடும்போது மூன்று பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தோம், அவ்வளவுதான்.

எத்தனையோ இடத்துக்கு மகள் என் பெயரில் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டாள். என் வயதைப் பார்த்ததும் எல்லாரும் ஊமையாகிவிட்டார்கள். ஒரே ஓர் இடம்தான் கூப்பிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண் மருத்துவ நிலையம். கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளைப் பதிய வேண்டும். போன் வந்தபோது நான் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். “திங்கட்கிழமை வர முடியுமா?” என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் மீன் கருகியிருந்தது.

மகள் என்னைத் தயார் செய்ய உட்கார்ந்தாள். அவள் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

“அம்மா, ஐ காண்டாக்ட். என் மூஞ்சியப் பாரு. சுவத்துல பல்லியவா பாக்குற?”

“பல்லி இருக்குடி.”

“உங்க பலவீனம் என்னன்னு கேப்பாங்க. அதுக்கு, நான் ரொம்ப அதிகமா உழைக்கிறேன், அதான் என் பலவீனம்னு சொல்லணும்.”

“அது பொய் இல்லையா?”

“எல்லாரும் சொல்ற பொய்தான் லா. நீ மட்டும் உண்மைய சொல்லிட்டு வராத.”

அவள் கேட்ட கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதிக் கொடுத்தாள். பாத்ரூமில், பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது என்று மனப்பாடம் செய்தேன். லைனில் முப்பது பெண்களை மேய்த்தவள் நான். மலாயில் திட்டுவேன், தமிழில் கெஞ்சுவேன், ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுவேன். ஆனால் என் மகள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு “டெல் மீ அபவுட் யுவர்செல்ப்” என்று கேட்டதுமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெற்ற பெண்ணிடமே இந்தக் கதி என்றால் மற்றவர்களிடம் என்ன ஆகும் என்று நினைத்து அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தில் தயிரோடு நின்றார். திங்கள் கிழக்கே சூலம், கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் கிழக்கே இருக்கிறது, தயிர் சாப்பிட்டுப் போனால் தோஷம் இல்லை என்றார். லோரி ஓட்டிய காலம் முழுக்க எந்தத் திக்குக்கும் எந்தக் கிழமையிலும் போனவர். அன்றைக்கு மட்டும் அவருக்கு சூலம் ஞாபகம் வந்தது. அவருக்கும் பயம் என்று எனக்குப் புரிந்தது. புளித்த தயிரை மறுபேச்சு இல்லாமல் குடித்தேன்.

மகள் வாங்கிக் கொடுத்த கறுப்புச் சப்பாத்து ஸ்டேஷனுக்குப் போவதற்குள்ளேயே கடிக்க ஆரம்பித்தது. கொமுட்டர் ரயிலில் பெண்கள் கோச்சில் உட்கார்ந்து குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டேன். ரயில் கெட்டுப்போகாதா என்று வேண்டிக்கொண்டேன். மற்ற நாளில் நடுவழியில் நின்று உயிரை வாங்கும் ரயில் அன்றைக்கு ஓட்டமாக ஓடியது. கெட்டுப்போக வேண்டிய நாளில் அது கெட்டுப்போவதே இல்லை. ஷா ஆலம் தாண்டும்போது மனப்பாடம் செய்த முதல் பதிலைச் சொல்லிப் பார்த்தேன், வந்தது. சுபாங் தாண்டும்போது பாதி வந்தது. கே.எல். சென்ட்ரலில் இறங்கும்போது என் பெயர் மட்டும்தான் நினைவில் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காக மஞ்சள் கல் வரிசை போட்டிருக்கும். பயத்தில் நானும் அதன்மேலேயே நடந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. எதிரே வெள்ளைத் தடியோடு வந்த ஒருவரின் தடி என் சப்பாத்தில் தட்டியது. “சாரி” என்று ஒதுங்கினேன். அவர் சிரித்துவிட்டு, கொஞ்சமும் தடுமாறாமல் போய்விட்டார். இரண்டு கண்ணும் நன்றாக இருந்த நான்தான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

நிலையம் இருந்த இரண்டாம் மாடியில் ஒரு நீளமான நடைக்கூடம். சுவரோரம் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். டை கட்டிய ஒரு தமிழர், தலையில் ஏதோ பசை தடவிய ஒரு சீனப் பையன், மற்றவர்களெல்லாம் இளம்பெண்கள். எல்லாரும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். கால் மேல் கால் போட்டு அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் பயந்து சாகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். என் பக்கத்தில் தூடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், மடியில் பையை அணைத்தபடி இருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் திருப்பிச் சிரித்தேனா என்று தெரியவில்லை. உதடு அசைந்தது.

கதவு திறந்தது. முப்பது வயதுத் தமிழ் அதிகாரி ஒருவர் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போனார். எழுந்தேன். கதவுக்கு முன்னால் ஒரு கால்மிதி, அதன் ஓரத்தில் யாருடையதோ ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர். உள்ளே கார்ப்பெட் தெரிந்தது. கதவைத் தட்டினேன், உள்ளே போனேன், நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இதற்கு நடுவில் என் கால்கள் என்ன செய்தன என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் அந்த அதிகாரியும், கண்ணாடி போட்ட ஒரு சீன மேடமும் இருந்தார்கள். மேடம்தான் நிலையத்துக்கு மேனேஜர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “டெல் அஸ் அபவுட் யுவர்செல்ப்,” என்றார் அதிகாரி.

எல்லாம் போய்விட்டது. பாத்ரூமில் சொன்னது, பாத்திரம் கழுவும்போது சொன்னது, ரயிலில் சொன்னது, ஒரு வார்த்தை மிச்சமில்லை. குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும் கேட்டது. ஐ காண்டாக்ட் எங்கே வரும், கண் தானாகக் கீழே போனது. கீழே மேசைக்கு அடியில் அதிகாரியின் பளபளத்த சப்பாத்து தெரிந்தது. மேடத்தின் குதிகால் உயர்ந்த சப்பாத்து தெரிந்தது. இந்தப் பக்கம் கார்ப்பெட்டின் மேல் என் இரண்டு வெறுங்கால்கள் இருந்தன.

மெட்டியோடு, வெள்ளிக்கிழமை பூசிய மஞ்சள் இன்னும் நகக்கண்ணில் போகாமல், வெடித்த பாதமும் குதிகாலில் பிளாஸ்டருமாக இருந்தன.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கம்பெனி லைனுக்குள் போகும்போது செய்தது அதுதான். தூசு போகக் கூடாத இடம். வாசலில் தரையில் நீலக் கோடு போட்டிருக்கும், அதற்கு முன் சப்பாத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கம்பெனி கொடுக்கும் வெள்ளைச் சிலிப்பரை மாட்டிக்கொண்டு போக வேண்டும். மறந்தவர்களை நானே கத்தி வெளியே அனுப்பியிருக்கிறேன். வீட்டில் வாசல், கோயிலில் வாசல், கம்பெனியில் நீலக் கோடு என்று என் காலுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. மூளை பயத்தில் லீவு எடுத்துக்கொண்டதும் கால் தன் வேலையைச் செய்துவிட்டது. இந்த நிலையத்தில் வெள்ளைச் சிலிப்பர் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறியது. இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, விரல்களை மடக்கிக்கொண்டேன். மேடம் பார்த்துவிடக் கூடாது. இனி என் உயிரே அதில்தான் இருந்தது. வேலை, சம்பளம், ஆங்கிலம் எல்லாம் இரண்டாம் பட்சம்.

“அக்கா, தண்ணி வேணுமா?” என்று அதிகாரி தமிழில் கேட்டார். தண்ணீர் எடுக்க அவர் எழுந்தால் இந்தப் பக்கம் வருவார். “வேணாம் வேணாம், ஐ அம் ஓகே!” என்று அலறினேன். அந்த அலறலிலேயே வாய் திறந்துவிட்டது. கம்பெனி, லைன், முப்பது பெண்கள், எது எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் சொன்னேன். இலக்கணம் பார்க்கவும் பயப்படவும் எனக்கு நேரமில்லை, முழுக் கவனமும் காலில் இருந்தது.

பிறகு மேடம் முதல்முறையாகப் பேசினார். கவுண்டரில் ஒரு நோயாளி வந்து எல்லார் முன்னாலும் கத்துகிறார், என்ன செய்வீர்கள் என்று மலாயில் கேட்டார்.

இதற்கும் மகள் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தாள். பொறுமை, புன்னகை, மேலதிகாரி என்று மூன்று வார்த்தை அதில் வரும். எனக்கு வந்தது வேறு. என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிய அன்று ஓர் ஆஸ்பத்திரியில் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. அவர் கவுண்டரில் போய்க் கத்தினார். அவர் கத்தி நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலே, உட்காருங்கள், கூப்பிடுவோம் என்றார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், எங்களைக் கூப்பிடும்வரை விடவில்லை.

“கத்துறவங்க பாதிப் பேருக்குக் கோவம் இல்ல மேடம், பயம்,” என்று மலாயும் ஆங்கிலமுமாகச் சொன்னேன். “கண்ணு போயிடுமோன்னு பயந்து வர்றாங்க. என் வீட்டுக்காரர் அப்படித்தான் கத்தினாரு. நான் முதல்ல தலைய நிமிர்த்தி அவங்க மூஞ்சியப் பாப்பேன். மத்தது எல்லாம் அப்புறம்.”

மேடம் எதையோ எழுதினார். முகத்தில் இப்போதும் சலனம் இல்லை. போன் செய்வோம் என்றார் அதிகாரி.

அடுத்த கண்டம், கதவு வரை நடக்க வேண்டும். அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் காலைப் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றியது. மகள் சொன்ன ஐ காண்டாக்ட் அப்போதுதான் வந்தது. இரண்டு பேரையும் கண்கொட்டாமல் பார்த்தபடி, தேங்க் யூ, தேங்க் யூ என்று சொல்லிக்கொண்டே, முருகன் சந்நிதியை விட்டு வருவதுபோலப் பின்னாலேயே நடந்து கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கதவோரம் சுவர் நெடுக ஒரே சப்பாத்து. டை கட்டியவரின் தோல் சப்பாத்து, பசைத் தலைப் பையனின் வெள்ளைச் சப்பாத்து, குதிகால் உயர்ந்தது, தட்டையானது, எல்லாம் ஜோடி ஜோடியாக. நாற்காலிகளில் அத்தனை பேரும் காலுறையோடும் வெறுங்காலோடும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கழற்றிவிட்டுப் போனதைப் பார்த்து, இந்த இடத்துச் சட்டம் இதுதான் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர்கூடப் போய்க் கேட்கவில்லை. கேட்டால் தப்பாகிவிடுமோ என்ற பயம். இந்த நாட்டில் மூன்று இனமும் சண்டை போடாமல் ஒத்துப்போகும் விஷயம் கொஞ்சம்தான், வாசலில் செருப்பைக் கழற்றுவது அதில் ஒன்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே அரண்டவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை, எல்லாருமே அரண்டுபோய்த்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் சப்பாத்தைத் தேடினேன். உதறிவிட்டுப் போன வேகத்துக்கு ஒன்று கவிழ்ந்தும் ஒன்று எங்கோ தள்ளியும் கிடந்திருக்க வேண்டும். இப்போது இரண்டும் சேர்ந்து, முனை வெளியே பார்க்க, வந்ததும் காலை நுழைத்துக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்திலேயே அந்த மலாய்ப் பெண் வெறுங்காலோடு நின்றாள். அடுத்த முறை அவளுடையது.

“நீ வெச்சியா?” என்று மலாயில் கேட்டேன். தலையாட்டினாள். அவர்கள் வீட்டில் விருந்தாளியின் செருப்பை அப்படித்தான் திருப்பி வைப்பார்கள். நான் அவளுக்கு விருந்தாளி இல்லை. ஒரே வேலைக்கு வந்த போட்டிக்காரி.

ஒரு நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெறுங்காலோடு இந்த ஏழெட்டுப் பேரும் உள்ளே போனால் என் வெறுங்கால் வித்தியாசமாகத் தெரியாது. அந்தக் கணக்கு மனதில் ஓடியது. அப்புறம் அவள் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். பயத்தில் மடக்கி வைத்திருந்தாள், நான் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்ததுபோலவே.

“போட்டுக்கோமா. உள்ள கழட்ட வேணாம். நான்தான் பயத்துல தெரியாம கழட்டிட்டேன்,” என்றேன் அவளிடம் மலாயில், வரிசைக்கே கேட்கும்படி.

பசைத் தலைப் பையன் “அய்யோ ஆன்டி!” என்றான். அவ்வளவுதான், வரிசை முழுக்கச் சிரிப்பு. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எல்லாரும் குனிந்து அவசர அவசரமாகச் சப்பாத்தை மாட்டும்போது கதவு திறந்தது. அதிகாரி எட்டிப் பார்த்தார்.

“என்ன நடக்குது இங்க?”

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. டை கட்டியவர் நாடாவை முடிந்துகொண்டே, “புது சப்பாத்து தம்பி, எல்லாருக்கும் கடிக்குது,” என்றார். முன்பின் தெரியாதவர்கள். ஒருவராவது என்னைக் கைகாட்டியிருக்கலாம், காட்டவில்லை. நான் படியில் இறங்கும்போதுதான் அழுகை வந்தது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து நல்ல கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், சப்பாத்த போட்டுட்டு உக்காருன்னு சொல்ல மறந்துட்டேன்,” என்றாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் போன் அடித்தால் நான் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன். மகள்தான் எடுப்பாள். ஒருநாள் எடுத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர், தயிர்தான் காரணம் என்றார்.

வேலைக்கு முதல் நாள் போனபோது நடைக்கூடத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தன. “தம்பி, அன்னைக்கு எனக்கு அடுத்து வந்துச்சே ஒரு மலாய்ப் பொண்ணு?” என்று அதிகாரியைக் கேட்டேன். “ஒரு ஆள்தான் எடுத்தோம் அக்கா,” என்றார். எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் கேட்டேன். அவள் திருப்பி வைத்த சப்பாத்துதான் என் காலில் இருந்தது.

மேடம் வந்தார். அதே முகம். நேராக என் காலைப் பார்த்தார்.

“குதிகால் புண்ணு ஆறிடுச்சா?” என்று மலாயில் கேட்டார்.

நான் இழுத்துப் பிடித்து, மடக்கி, மறைத்து, உயிரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரம் முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே நுழையும்போதே பிளாஸ்டரைப் பார்த்திருக்கிறார். பார்த்தும் பார்க்காததுபோல என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார். “ஆறிடுச்சு மேடம்,” என்றேன். கவுண்டரில் மென்மையான சப்பாத்து போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவுண்டரில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் எந்தப் பட்டன் எதற்கு என்று அதிகாரி சொல்லிக் கொடுத்ததில் பாதி மறந்துபோயிருந்தது. நிலையம் திறந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, ஒருவர் மேசையைத் தட்டினார். “எவ்ளோ நேரம் நிக்கிறது? ஆள் இருக்கீங்களா இல்லியா?” என்று கத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, வயிற்றில் அதே புளி. தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தேன்.